கண்காட்சியா, காயலான் கடையா?

தமிழ்நாட்டில் பலருக்கு ஹவுரா என்பது ஓர் ஊர் அல்ல. ஒரு ரயிலின் கடைசி ஸ்டேஷன். மெயிலிலிருந்து இறங்கி, பாலத்தைத் தாண்டி கொல்கத்தாவுக்குள் நுழைவதோடு அந்த உறவு முடிந்துவிடும். ஸ்டேஷனுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பவர்களுக்குத்தான் இது ஒரு இரும்பு ஊர் என்பது தெரியும். பெலிலியஸ் ரோடு பக்கம் போனால் லேத் பட்டறைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு காலத்தில் 'கிழக்கின் ஷெஃபீல்டு' என்று அழைக்கப்பட்ட ஊர். நியூயார்க் தெருக்களின் சாக்கடை மூடிகள்கூட இங்குள்ள வார்ப்படப் பட்டறைகளிலிருந்து போயிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு தினமும் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வருவது பெரிய கஷ்டமாக இருக்கக் கூடாது. கடையில் கிடைக்காத பாகத்தைக் கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மல்லிக் பஜாரில் எந்த வண்டியின் எந்த உறுப்பும் கிடைக்கும் என்று பெயர். ஆனால் கஷ்டம் வேறு இடத்திலிருந்து வருகிறது. வண்டியின் பிறந்த தேதியிலிருந்து.

2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 வயதைத் தாண்டிய வாகனங்களை ஆறு மாதத்துக்குள் சாலையிலிருந்து அகற்ற வேண்டும். வழக்குப் போட்டவர் ஹவுராவைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆர்வலர் சுபாஷ் தத்தா. இதற்கு முன்பே, 2008-ல், கல்கத்தா உயர் நீதிமன்றம் 15 வயதான வாடகை வாகனங்களை கொல்கத்தா பெருநகரப் பகுதியிலிருந்து விலக்கச் சொல்லி, 2009-ல் அது அமலுக்கு வந்தது. அப்போது தப்பித்த சொந்த வண்டிகளும் இரண்டாவது முறை வலையில் விழுந்தன. கெடு கடந்த பிறகும் பழைய வண்டிகள் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்பது ஜீப் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

வங்காளத்துக்கு ஜீப் வந்த கதையே போரின் கதை. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்கும் சீனாவுக்கும் சாமான் அனுப்பிய அமெரிக்கப் படைகளுக்கு கல்கத்தாதான் வாசல். வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 1941-லிருந்து 1945 வரை 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைத் தயாரித்துத் தள்ளின. போர் முடிந்ததும் அவற்றில் ஒரு பகுதி உபரிச் சாமானாக இங்கேயே தங்கியது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஹவுரா வழியாக ஓடும் ஜி.டி. ரோட்டைப் பிடித்து வடமேற்கே போனால் பானாகர் வரும். ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகள் கைமாறும் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் அது.

1940-களின் இறுதியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஜீப் என்பது இந்தியாவில் அரசாங்கத்தின் மறுபெயராயிற்று. தமிழ்நாட்டு கிராமத்துக்கு பி.டி.ஓ. வந்தது ஜீப்பில். போலீஸ் வந்தது ஜீப்பில். தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி வந்ததும் ஜீப்பில்தான். பியூஷோவின் 2112 சிசி டீசல் என்ஜினோடு எம்.எம். 540 வந்தது. 1985 டிசம்பரில் மாருதியின் ஜிப்ஸி வந்தது. 2019-ல் பொதுமக்களுக்கான ஜிப்ஸி விற்பனை நின்றுபோனது. இன்று 'பழைய ஜீப்' என்று தெருவில் ஓடுபவை பெரும்பாலும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

இவற்றைத் தினசரி ஓட்டுவது சுகமான வேலை என்று யாரும் சொல்ல முடியாது. பவர் ஸ்டியரிங் இல்லை. பட்டை ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்கு நேரடியாக அறிவிக்கும். கான்வாஸ் கூரை வெயிலில் அடுப்பு, மழையில் சல்லடை. ஹவுரா பாலத்து நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தால் ரேடியேட்டரின் உஷ்ண முள் ஏறிக்கொண்டே போகும். பெட்ரோல் வண்டியானால் பெட்ரோலே குழாயில் ஆவியாகி என்ஜின் மூச்சு நின்றுபோவதும் உண்டு. முன் சக்கரத்து கிங்பின் தேய்ந்துவிட்டால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கைக்குள் நடனமாடும். வாரம் ஒருமுறை பார்த்து, கிரீஸ் அடித்து, ஆயில் ஊற்றிச் சரிசெய்யாவிட்டால் வண்டி கோபித்துக்கொள்ளும்.

நான்கு சக்கர இழுவையை ஊருக்குள் போட்டுக்கொண்டு ஓட்டுவது புதிதாக வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு. திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் உருள்வதில்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோடு வழுக்க விடாது. முறுக்கம் முழுவதும் கியர் பெட்டியின் மேல் இறங்கி, ஒருநாள் ஏதாவது உடையும். ஆகவே மலைக்கும் சேற்றுக்கும் பிறந்த வண்டியின் பிரதான திறமையை ஊருக்குள் பூட்டியே வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு காலத்தில் மட்டும் ஜீப்புக்கு மரியாதை வரும். ஆடி, ஆவணியில் நல்ல மழை பெய்து பஞ்சானன்தலா ரோடு, டிக்கியாபாடா பக்கங்களில் தண்ணீர் தேங்கும்போது, தாழ்வான கார்கள் நடுரோட்டில் நின்றுவிடும். டீசல் ஜீப் போய்க்கொண்டிருக்கும். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை என்பதால், காற்று உறிஞ்சும் வாய் நனையாத வரை அது நிற்காது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது. கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டி உலர்த்த வேண்டும். மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்த்து, பால் காப்பி நிறத்தில் இருந்தால் முழுவதும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டு வண்டியை உயிரோடு வைத்திருப்பவருக்குச் சட்டத்தில் என்ன இடம்? இங்கேதான் விசித்திரம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த வண்டியை வழக்கமான உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும் வெளியே வரலாம்.

அடுத்த மாதமே, 2021 ஆகஸ்டில், பழைய வாகனங்களை உடைப்பதற்கான கொள்கையை பிரதமர் தொடங்கி வைத்தார். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க ரூ. 600 இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 என்று அறிவிக்கப்பட்டது.

ஆக, சட்டத்தின் பார்வையில் பழைய ஜீப் இரண்டில் ஒன்று. கண்காட்சிப் பொருள், அல்லது காயலான் கடைச் சரக்கு. தினமும் உழைக்கும் பழைய வண்டி என்ற மூன்றாவது பிரிவு இல்லை. பழுதான பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் பொருத்தி ஓட்டியிருந்தால் அசல் வடிவம் போய்விட்டதால் விண்டேஜ் கதவும் அடைபடும். உபயோகித்ததே குற்றம் என்றாகிறது.

இதைச் சொன்னவுடன் ஜீப் பிரியர்கள் கைதட்டுவார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எதிர்த் தரப்பின் வாதம் லேசானதல்ல. 2010-ல் நாடு முழுவதும் வந்த பாரத் ஸ்டேஜ்-3 விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம் நுண்துகள் கக்கலாம். 2020 ஏப்ரலில் வந்த ஸ்டேஜ்-6 விதிப்படி 4.5 மில்லிகிராம்தான். அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. 2000-த்துக்கு முன்பு பிறந்த ஜீப்புக்கு ஸ்டேஜ் என்ற பேச்சே கிடையாது. பட்டறைப் புகையும் லாரிப் புகையும் ஏற்கெனவே நிறைந்த ஹவுராவில், பக்கத்தில் ஸ்கூட்டரில் போகும் குழந்தைக்கு ஜீப்பின் பாரம்பரியப் பெருமையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏர்பேக் இல்லாத, ஏபிஎஸ் இல்லாத வண்டி ஓட்டுபவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து.

ஆனால் நீதிபதிகள் ஏன் வயதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று யோசித்தால் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது. வயது புகையை அளக்காது. நன்றாகப் பராமரித்து நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் 25 வயது ஜீப்பும், பராமரிப்பே இல்லாமல் இரவு பகலாக ஓடும் 12 வயது லாரியும் காற்றுக்குச் செய்யும் தீங்கு ஒன்றல்ல. வித்தியாசத்தைச் சோதனைதான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை என்ன லட்சணத்தில் இருக்கிறது?

பெட்ரோல் பங்க் ஓரத்தில் கொடுக்கப்படும் மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கு, டீசல் வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். பழைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட், ஸ்டேஜ்-4 வண்டிக்கு 50 வரை அனுமதி. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளின் எடையையோ நைட்ரஜன் ஆக்சைடையோ அது சொல்லாது. பாரத்தோடு மேடு ஏறும்போது என்ன வரும் என்பதையும் சொல்லாது. வண்டியையே பார்க்காமல் சான்றிதழ் தருகிறார்கள் என்ற புகார் எல்லா மாநிலத்திலும் பழைய சங்கதி. சான்றிதழை நம்ப முடியாது. பிறந்த தேதியை நம்பலாம். அதனால்தான் நீதிமன்றங்கள் வயதைப் பார்க்கின்றன. ஜீப்புக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டியது நீதிபதியிடம் அல்ல, அந்தப் பொய்ச் சான்றிதழிடம்.

டில்லியும் இதே சுவரில் முட்டிக்கொண்டது. 10 வயது டீசல், 15 வயது பெட்ரோல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை ஸ்டேஜ்-4-ம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. பிறந்த ஆண்டிலிருந்து மாசு விதிக்கு ஓர் அடி நகர்ந்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வண்டி இன்று என்ன கக்குகிறது என்ற கேள்விக்கு இன்னும் வரவில்லை.

பழைய வண்டி தினமும் உழைக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு மேற்கு வங்காளத்திலேயே பதில் இருக்கிறது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சன் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்கு, 1948-க்கும் 1958-க்கும் இடையில் பிரிட்டனில் தயாரான லேண்ட்ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளைச் சுமந்திருக்கின்றன. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் விட்டுச்சென்ற வண்டிகள். பொலிரோக்கள் வந்து அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. தமிழர்களுக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால், சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புகள். அந்தக் கல் பாதையில் நகரத்துக் கார் எதுவும் ஏறாது. அங்கே பழைய ஜீப்பை வைத்திருப்பது பழைமையின் மேல் உள்ள காதலால் அல்ல, வேறு வழியில்லாததால்.

ஹவுரா அப்படியல்ல. இங்கே பஸ் இருக்கிறது, டோட்டோ இருக்கிறது, 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகிறது. ஜீப் ஓட்டுவது அவசியம் அல்ல, விருப்பம். விருப்பத்துக்கு ஊரார் நுரையீரல் விலையாகக் கூடாது. அதே சமயம், ஓடுகிற வண்டியை உடைத்து, இரும்பை உருக்கி, புது வண்டி செய்வதற்கும் கரி எரிகிறது, புகை வருகிறது. அந்தக் கணக்கை உடைப்புக் கொள்கையின் விளம்பரங்கள் சொல்வதில்லை.

நியாயமான வழி கண்டுபிடிக்க முடியாததல்ல. மனிதக் கை படாமல் எந்திரமே பிரேக்கையும் புகையையும் அளக்கும் தானியங்கி நிலையங்களுக்கு 2021-லேயே மத்திய அரசு விதி வகுத்துவிட்டது. அங்கே வருடத்துக்கு ஒருமுறையல்ல, இருமுறை கடுமையாகச் சோதிக்கட்டும். தோற்றால் வயது ஐந்தானாலும் உடைக்கட்டும். ஜெயித்தால் ஊருக்குள் இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு கட்டி ஓட விடட்டும். அந்தச் சோதனையில் பெரும்பாலான பழைய டீசல் ஜீப்புகள் தோற்கும் என்பதையும் அவற்றை நேசிப்பவர்கள் இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அளந்து பார்த்துத் தோற்பது வேறு, பிறந்த தேதியால் தோற்பது வேறு.

சோதனை நாணயமாக இருந்தால், ஜெயிக்க வைக்கும் கைகள் பெலிலியஸ் ரோட்டில் இருக்கின்றன. இன்றைய நிலையில் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. நல்ல ஜீப்புக்கும் கெட்ட ஜீப்புக்கும் ஒரே சான்றிதழ், ஒரே தண்டனை என்னும்போது யார்தான் காசு செலவழித்து நோசிலையும் பம்ப்பையும் சரிசெய்வார்கள்?