கன்டெய்னருக்கு நாலு வழிச்சாலை, மீன் கூடைக்கு எந்த வழி?



போன வாரம் சமூக அறிவியல் வகுப்பில் "நம் மாவட்டத்தின் போக்குவரத்து வசதிகள்" என்று எழுதச் சொன்னார்கள். எல்லாரும் துறைமுகம், ரயில், வாகைக்குளம் விமான நிலையம், நான்கு வழிச்சாலை என்று எழுதினோம். எனக்குப் பத்துக்கு ஒன்பது. வீட்டில் ஆச்சியிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னாங்க: "எல்லாம் சரிட்டி. நான் போற பஸ்ஸு இதுல எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஆச்சி மீன் விற்கிறவங்க. விடிகாலை 4 மணிக்குக் கரைக்குப் போய், ஏலத்தில் சாளையோ நெத்திலியோ எடுத்து, ஐஸ் போட்டுக் கூடையில் அடுக்கி, ரோட்டில் வந்து நிற்பாங்க. பஸ் ஏறி, தேரிப் பக்கத்து ஊர்களில் இறங்கித் தெருத்தெருவாக விற்பாங்க. இதுவும் வியாபாரம்தான்! முதல் போடணும், லாப நட்டம் பார்க்கணும், வட்டி கட்டணும். பெரிய கம்பெனி முதலாளிக்கு உள்ள கவலை எல்லாம் ஆச்சிக்கும் உண்டு.

நம் ஊரில் வியாபாரத்துக்காகப் பாதை போடுவது புதிதல்ல. தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். உள்நாட்டுப் பஞ்சு கப்பலேறுவதற்கு அந்த ரயில் பெரிய உதவி. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். சரக்கும் ஆளும் போகிற வழி வெள்ளைக்காரன் கையில் மட்டும் இருந்தால் நம் வியாபாரம் நம்முடையது ஆகாது என்று அவர் நினைத்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். 1974-இல் புதிய துறைமுகம் திறந்தார்கள். அதற்கு 2011-இல் வ.உ.சி. பெயரையே வைத்தார்கள். இப்போது மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நான்கு வழிச்சாலை இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன.

இதை நான் குறை சொல்லவில்லை. எங்க சித்தப்பாவே லாரி டிரைவர்தான். துறைமுகம் இல்லையென்றால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உப்பு மூட்டை பத்து நாள் காத்திருக்கும். கன்டெய்னருக்குள் இருக்கிற சாமானும் காத்திருக்கும். மீன் காத்திருக்குமா? வெயில் ஏறினால் 9 மணிக்கே கண்ணு வெளுத்துப் போகும். விலை பாதி ஆகிவிடும். ஆகவே, நேரத்துக்கு வண்டி ரொம்ப அவசியம் யாருக்கு? கூடைக்காரிக்குத்தானே! அவங்களுக்குத்தான் நிச்சயமான வண்டி இல்லை.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு கொண்டுவந்தது. ஆச்சி ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. நல்ல திட்டம்தான். ஆனால் நிற்காத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்? போன மாதம் ஒரு நாள், கிட்டே வந்த பஸ் கூடையைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டது. ஆச்சி 150 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் போனாங்க. அன்றைக்கு மிஞ்சியது 60 ரூபாய்.

இது எங்க ஆச்சிக்கு மட்டும் நடப்பதல்ல. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கிற ஓர் அம்மாவை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸைவிட்டு இறக்கியது பெரிய செய்தி ஆனது. முதலமைச்சரே கண்டித்தார்.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் நான் தோழிகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஆச்சி கூடையோடு ஏறினாங்க. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நானும் பொத்தினேன். ஆச்சி என்னைப் பார்த்தாங்க. கூப்பிடவில்லை. தெரியாத ஆள் மாதிரி இறங்கிப் போயிட்டாங்க. அன்றைக்கு ராத்திரியும் எனக்கு மீன் குழம்பு வைத்துத் தந்தாங்க. பஸ் நிற்காததற்கு டிரைவர் மட்டுமா காரணம்? நாம் பொத்துகிற மூக்கும் ஒரு காரணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ரோடெல்லாம் உடைந்து, ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அப்போது தெருவுக்குள் வந்து ஜனங்களை ஏற்றியது மீனவர் படகுதான். அன்றைக்கு யாரும் "மீன் நாறுது, ஏற மாட்டேன்" என்று சொல்லவில்லை!

வழி இல்லாமல் இல்லை. கேரளாவில் 2021 ஆகஸ்டில் "சமுத்ரா" என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்காகவே திருவனந்தபுரத்தில் 3 பஸ்கள் விட்டார்கள். கூடை வைக்க அதில் தனி இடம். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். காலையில் ஒரே ஒரு பஸ்ஸில் பின்பக்கம் நாலு சீட்டை எடுத்துவிட்டுக் கூடைக்கு இடம் விட்டால் போதும். மீன் விற்கிறவங்களும் தண்ணீர் ஒழுகாத மூடி போட்ட பெட்டியில் கொண்டு வரணும். அதுவும் நியாயம்தான். ஆச்சியிடம் சொன்னேன், "பெட்டி வாங்கிக்கிடுதேன், பஸ்ஸ நிக்கச் சொல்லு" என்றாங்க.

இதை அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். எங்கள் தெருவில் 11 பேர் கைநாட்டும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள் மனுவில் உள்ள பிழைகளைத் திருத்தித் தந்தால் நன்றாக இருக்கும்.

தோழிகளே, நாளைக்குப் பஸ்ஸில் ஒரு கூடை ஏறினால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். நான் எழுந்து நின்று, "ஆச்சி, இங்க வாங்க" என்று சத்தமாகக் கூப்பிடப் போகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி