மடியில் ஒரு சீல் குட்டி

முதியோர் இல்லத்தில் வேளைக்குச் சாப்பாடு கிடைத்துவிடும், மருந்தும் கிடைத்துவிடும். துணைக்குத்தான் பஞ்சம். ஒரு நாயோ பூனையோ காலடியில் படுத்திருந்தால் தேவலை. ஆனால் கடிக்குமே, பிராண்டுமே, சிலருக்கு ரோமம் ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வருமே என்று பல இல்லங்களில் பிராணிகளை உள்ளே விடுவதில்லை.

இதற்கு ஜப்பானில் ஒரு வழி செய்தார்கள். தகனோரி ஷிபாதா என்ற பொறியியல் அறிஞர் 1993-ல் தொடங்கி உருவாக்கிய 'பாரோ' என்ற இயந்திரக் குட்டி அது. பனிக்கடலில் வாழும் சீல் குட்டியைப் போல வெள்ளை வெளேரென்று இருக்கும். எடை சுமார் 2.7 கிலோ, பிறந்த குழந்தையின் கனம்தான்! தடவிக் கொடுத்தால் கண்ணை மூடித் திறக்கும், முனகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கினால் தலையைத் திருப்பிப் பார்க்கும். 2005-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2009-ல் மருத்துவ சாதனமாகவே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

நாய், பூனையை விட்டுவிட்டு ஏன் சீல்? அவை நமக்குப் பழகியவை. 'நிஜ நாய் இப்படியா இருக்கும்?' என்று மனசு குறை சொல்லும். சீலை யார் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள்?

இதை என் மாமியாரிடம் சொன்னேன். "ஏம்மா, அதுக்குப் பசிக்குமா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல கேள்வி! மின்சாரம் ஏற்றும் கருவியைக் குழந்தையின் சூப்பான் மாதிரியே செய்திருக்கிறார்கள். வாயில் வைத்தால் 'சாப்பிடும்'. அந்தச் சூப்பானில்தான் சூட்சுமம் இருப்பதாக எனக்குப் படுகிறது. வயதானவர்களுக்குத் தங்களைக் கவனிக்க ஆள் வேண்டும், சரி. தாங்கள் கவனித்துக்கொள்ளவும் ஏதாவது ஒன்று வேண்டுமே! "நீங்க சும்மா உட்காருங்க" என்று எல்லா வேலையையும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டால், தனிமை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

பொம்மையைக் காட்டி ஏமாற்றலாமா என்று கேட்பீர்கள். நாலு பேர் நடுவே குட்டியை வைத்து, பணிப்பெண்ணும் கூட உட்கார்ந்தால், குட்டியைப் பற்றிய பேச்சு மெல்ல ஊர்ப் பேச்சாகும், பிள்ளைகள் பேச்சாகும். அது நல்லது. "துணைக்குத்தான் பாரோ இருக்கிறதே" என்று பெற்ற பிள்ளை வந்து பார்ப்பதை நிறுத்தினால், அதுதான் ஏமாற்று.

பாரோவின் விலை பல ஆயிரம் டாலர். நம் வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். வீட்டுப் பெரியவரிடம் ஒரு துளசிச் செடியையோ, மாடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கும் வேலையையோ ஒப்படையுங்கள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு எத்தனை குருவி வந்தது?" என்று கேளுங்கள்.