பயிற்சியில்லாத கைகள்

நான் இன்ஜினியர். வெப்ப விரிவாக்கச் சூத்திரம் மனப்பாடம். ஆனால் போன மாதம் விருத்தாசலத்தில், வீட்டு வாசலில், பழைய காரின் பின்சக்கர பேரிங் துருவேறி டிரம்முக்குள் இறுகிக்கொண்டபோது நான் எடுத்தது சுத்தியலைத்தான்.

எதிர்வீட்டு மாமா பீங்கான் சூளையில் ஆயுசைக் கழித்தவர். "தம்பி, அடிக்காதீங்க. டிரம்முக்குச் சூடு காட்டுங்க" என்றார். டிரம் விரிந்தது, பேரிங் கழன்றது. புதுசை மாட்டும்போது தெருமுனை மெக்கானிக் கத்தினார்: "வெளி வளையத்துல தட்டுங்க சார்!" உள்வளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியே போய், அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும். புது பேரிங் அன்றைக்கே பாழ்.

இப்படிப்பட்டவர்களைத்தான் கார் கம்பெனிகள் பயிற்சியில்லாதவர்கள் என்கின்றன. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காததற்கு இந்தியப் போட்டி ஆணையத்தில் அவை சொன்ன சாக்குகளில் அதுவும் ஒன்று. ஆணையம் ஏற்கவில்லை. 2014 ஆகஸ்ட்டில் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளமே திறந்தது. வாகனங்களும் அதில் உண்டு.

உண்மையிலேயே பாதுகாப்புதான் கவலை என்றால் சர்வீஸ் கையேட்டை எல்லோருக்கும் கொடுங்கள். ஒளித்து வைத்துக்கொண்டு, "அவனுக்குத் தெரியாது" என்பது என்ன நியாயம்?

கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. "படிச்சவன் கையில கிரீஸா?" என்று கேட்பது நம் வீடுகள்தான். கையில் அழுக்குப்பட வெட்கப்படுகிறவன் கேட்காத உரிமையை, அவனுக்கு யார் வந்து கொடுப்பார்கள்?