பிரம்பு கற்றுத் தரவில்லை



சித்திரைத் திருவிழாவில் வலைவீசு படலம் பார்க்க மாரியூர் வந்திருந்த பழைய மாணவர்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சொன்னார்: "சார், அன்னைக்கு நீங்க பிரம்பால வெளுத்ததாலதான் நாங்க ஒழுங்கா இருக்கோம். இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பயமே இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளித் தண்ணீர்ப் பானையை உடைத்துவிட்டான். நம் பக்கம் குடிதண்ணீரின் அருமை உங்களுக்குத் தெரியும். "நான்தான் சார்" என்று அவனே வந்து சொன்னான். நாலு அடி போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தாகம் என்று அழுததால் தண்ணீர் மொள்ளப் போய்க் கை தவறியது என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் கூரை ஓடு உடைந்தபோது வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மை சொன்னால் அடி விழும் என்று பாடம் நடத்தியவன் நான்தானே!

ஆசிரியர் பயிற்சியில் பியாஜேயைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். 1932-இல் வெளிவந்த நூலில், குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்கிறார். தெரியாமல் கதவைத் திறந்து 15 கோப்பைகளை உடைத்தவன் ஒருவன். அம்மா இல்லாத நேரம் ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்தவன் இன்னொருவன். யார் தப்பு பெரிது? சின்னப் பிள்ளைகளில் பலர் 15 உடைத்தவன் என்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்க்கிறார்கள். அன்று பானையை மட்டும் பார்த்த நான் சின்னப் பிள்ளை மாதிரிதான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

அவர் கோலிக்குண்டு விளையாட்டையும் கவனித்தார். விதி பெரியவர்கள் தந்தது, மாற்றக் கூடாது என்பார்கள் சின்னவர்கள். 10, 11 வயதில், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்பார்கள். பனைமரத்தடியில் நீங்கள் ஆடியபோதும் பார்த்தேனே! அழுகுணி ஆட்டம் ஆடியவனை ஒதுக்கினீர்கள். பொடியனை ஒரு சாண் முன்னால் நின்று அடிக்க விட்டீர்கள். அதை யார் சொல்லித் தந்தது?

அறம் எங்கிருந்து வருகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குத்தான். மன உணர்விலிருந்து என்றார் ஹியூம். பகுத்தறிவிலிருந்து என்றார் காண்ட். உதவி செய்யும் பொம்மையைக் கைக்குழந்தையே விரும்புகிறது என்றது 2007-இல் வந்த ஓர் ஆய்வு. பின்னர் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் பிரம்பிலிருந்து வருகிறது என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. கட்டுப்பாடு போச்சு என்று அன்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

கண்டிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தப்பைக் கேட்கத்தான் வேண்டும். கையை ஓங்குமுன் "ஏம்ப்பா செய்தாய்?" என்று கேளுங்கள். பயம் நம் கண் பார்க்கும் தூரம் வரைதான். யாருமில்லாத நடுக்கடலில் அடுத்தவர் வலையில் கை வைக்காமல் கரைக்கு வருகிறீர்களே, என் பிரம்பை நினைத்தா வருகிறீர்கள்?

பானை உடைத்த தம்பி இதைப் படித்தால்: தப்பு உன்னுடையது இல்லைப்பா. என்னுடையது.

அன்புடன்,
உங்கள் சார்