செலுத்தும் கட்டணம் குழாய்க்குத் திரும்ப வேண்டும்

பிரித்தானியாவின் மிகப் பெரிய நீர் வழங்கல் கம்பனியான தேம்ஸ் வாட்டருக்கு, அந்நாட்டின் நீர்த்துறையை ஒழுங்குபடுத்தும் ஒஃப்வாட் அமைப்பு 2025 மே மாதத்தில் 122.7 மில்லியன் பவுண் அபராதம் விதித்தது. அதில் 104.5 மில்லியன் பவுண், கழிவுநீரை முறையாகக் கையாளத் தவறியமைக்கானது. எஞ்சிய 18.2 மில்லியன் பவுண், சேவையின் தரத்துக்குப் பொருந்தாத வகையில் பங்கிலாபம் வழங்கியமைக்கானது. இலண்டன் மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் ஏறத்தாழ 16 மில்லியன் மக்களுக்குச் சேவை வழங்கும் இக்கம்பனியின் கடன் அவ்வாண்டில் 20 பில்லியன் பவுணை நெருங்கியிருந்தது.

இங்கிருந்து புலம்பெயர்ந்து சென்ற எம்மவர்கள் பலரும் இக்கம்பனியின் வாடிக்கையாளர்களாக உள்ளனர். எனினும் அதன் பொருட்டு மாத்திரம் நாம் இவ்விடயத்தை இங்கு ஆராய முற்படவில்லை. மாதந்தோறும் நீர்க் கட்டணப் பட்டியலைக் கையிலெடுக்கும் எந்தவொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வியொன்று இதில் அடங்கியுள்ளது. நாம் செலுத்தும் பணம் எங்கே செல்கின்றது என்பதே அக்கேள்வியாகும்.

ஏனைய பொருட்களைப் போன்று நீரைக் கருத முடியாது. ஒரு கடையில் அரிசியின் விலை அதிகமாயின் நுகர்வோர் அடுத்த கடைக்குச் செல்லலாம். ஆனால் ஒரே வீதியின் கீழ் இரண்டு நிறுவனங்கள் இரண்டு குழாய்களைப் பதித்துப் போட்டியிடுவது நடைமுறைச் சாத்தியமற்றது. எனவே நீர் வழங்குபவர் அரசாயினும் தனியாராயினும் ஏகபோக உரிமையுடனேயே செயற்படுகின்றார். அந்த ஏகபோகத்தைக் கண்காணித்து, கட்டணத்தையும் சேவையின் தரத்தையும் வரையறுப்பதற்காகவே ஒழுங்குபடுத்தும் அமைப்பு அவசியமாகின்றது.

1989ஆம் ஆண்டு மார்கரட் தட்சரின் அரசாங்கம் இங்கிலாந்தினதும் வேல்ஸினதும் நீர் அதிகார சபைகளைத் தனியாருக்கு விற்றது. அவற்றின் ஏறத்தாழ 5 பில்லியன் பவுண் கடனை அரசே இரத்துச் செய்தது. புதிய கம்பனிகள் கடனற்ற நிலையிலேயே தமது பயணத்தை ஆரம்பித்தன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஒஃப்வாட் ஒவ்வொரு கம்பனியினதும் முதலீட்டுத் திட்டத்தைப் பரிசீலித்து, அது அறவிடக்கூடிய கட்டணத்தின் உச்ச வரம்பைத் தீர்மானிக்கும்.

இந்த ஏற்பாட்டின் கீழ் ஒரு கம்பனி எவ்வாறு வளர்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய குழாய்த் தொகுதிக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ செலவிடப்படும் பணத்தின் பெரும்பகுதி, கம்பனியின் சொத்து மதிப்புடன் சேர்க்கப்படுகின்றது. அந்த மதிப்பின் மீது குறிப்பிட்ட வீத வருமானத்தைப் பல ஆண்டுகளாக வாடிக்கையாளரிடமிருந்து பெற்றுக்கொள்ள கம்பனி அனுமதிக்கப்படுகின்றது. ஒரு குழாய் ஐம்பது ஆண்டுகள் நீடிக்குமாயின், அதன் செலவை இன்றைய தலைமுறை மாத்திரம் சுமக்காமல் நாளைய தலைமுறையும் பகிர்ந்துகொள்கின்றது. இது நியாயமான ஏற்பாடே என்பதை மறுப்பதற்கில்லை. குடிநீரின் தரம் உயர்ந்தமைக்கும், 1990களின் நடுப்பகுதிக்குப் பின்னர் நீர்க் கசிவு குறைந்தமைக்கும் இம்முறை உதவியுள்ளது.

தவறு வேறோர் இடத்தில் நேர்ந்தது. ஒஃப்வாட் கட்டணத்தை உற்றுநோக்கியதே தவிர, கம்பனியின் கடன் கணக்கின் மீது போதிய கவனத்தைச் செலுத்தவில்லை. 2006ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மக்குவாரி நிறுவனத்தின் தலைமையிலான முதலீட்டாளர் குழு தேம்ஸ் வாட்டரை வாங்கியது. மக்குவாரி 2017ஆம் ஆண்டில் முற்றாக வெளியேறியபோது கம்பனியின் கடன் ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தது. அக்காலப்பகுதியில் பங்குதாரர்களுக்குப் பங்கிலாபமும் வழங்கப்பட்டு வந்தது. அதே 2017ஆம் ஆண்டில், கழிவுநீரை ஆறுகளில் கலக்கவிட்டமைக்காக நீதிமன்றம் அக்கம்பனிக்கு 20.3 மில்லியன் பவுண் அபராதம் விதித்தது. பணவீக்கமும் வட்டி வீதமும் உயர்ந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. 2024 மார்ச்சில் பங்குதாரர்கள் தாம் வழங்கவிருந்த 500 மில்லியன் பவுணை வழங்க மறுத்தனர். 2025ஆம் ஆண்டில் 3 பில்லியன் பவுண் வரையிலான அவசரக் கடனை நீதிமன்ற அனுமதியுடன் பெற்றே கம்பனி மூச்சு விட நேர்ந்தது.

இறுதியில் சுமை யார் தலையில் விழுந்தது? 2025 முதல் 2030 வரையிலான காலப்பகுதிக்குத் தேம்ஸ் வாட்டர் 53 சதவீதக் கட்டண உயர்வைக் கோரியது. ஒஃப்வாட் 35 சதவீதத்துக்கு அனுமதி வழங்கியது. பணவீக்கம் இதனுடன் தனியாகச் சேரும். நிலத்தடிக் குழாய்களில் செல்லும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீடுகளை அடையாமலேயே கசிந்து வீணாகும் நிலையில்தான் மக்கள் இந்த உயர்வை ஏற்க வேண்டியுள்ளது. 2025 ஜூலையில் சேர் ஜோன் கன்லிஃப் தலைமையிலான ஆணைக்குழு ஒஃப்வாட்டைக் கலைத்துவிட்டுப் புதிய அமைப்பை நிறுவுமாறு பரிந்துரைத்தது. அரசாங்கமும் அதனை ஏற்றுக்கொண்டது. நோயாளி படுக்கையில் வீழ்ந்த பின்னர் வைத்தியரை மாற்றிய கதையாகவே இது தோன்றுகின்றது.

இதிலிருந்து, தனியார் தோற்றுவிட்டதால் அரசுடைமையே பரிகாரம் என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிட முடியாது. ஸ்கொட்லாந்தில் 2002 முதல் நீர் வழங்கும் நிறுவனம் அரசுக்கே சொந்தமானது. ஆயினும் அதன் கட்டணத்தை அந்த நிறுவனம் தன்னிச்சையாகத் தீர்மானிப்பதில்லை. அதற்கெனத் தனியான ஆணைக்குழு உண்டு. கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில், 1993இல் உற்பத்தியான நீரில் ஏறத்தாழ 72 சதவீதம் கசிவாலும் திருட்டாலும் வருமானமின்றிப் போனது. எக் சொன் சான் என்ற அதிகாரியின் தலைமையில் அந்த அரச நிறுவனம் வீடுதோறும் மானிகளைப் பொருத்தியது. அரச திணைக்களங்களையும் செல்வாக்குள்ளோரையும் கட்டணம் செலுத்த வைத்தது. வறிய குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை அளித்தது. பின்னர் அந்த இழப்பு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவருக்கு 2006ஆம் ஆண்டு மக்சேசே விருது வழங்கப்பட்டது.

எமது நாட்டின் நிலையை இந்தப் பின்னணியிலேயே நோக்க விரும்புகின்றோம். 1975 முதல் இயங்கிவரும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அரசுக்குச் சொந்தமானது. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் நீர்க் கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டது. 2024 ஓகஸ்டில் சிறிதளவு குறைக்கப்பட்டது. உயர்வு ஏன் அந்த அளவில் அமைந்தது, குறைப்பு ஏன் அந்த அளவோடு நின்றது என்பவற்றைச் சுயாதீனமான அமைப்பொன்று பொதுமக்கள் முன்னிலையில் பரிசீலித்ததாக இல்லை.

2002ஆம் ஆண்டின் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுச் சட்டம் மின்சாரத்துடன் நீர்த்துறையையும் குறிப்பிட்டது. ஆனால் நீருக்குரிய தனிச்சட்டம் நிறைவேற்றப்படவில்லை. 2003இல் கொண்டுவரப்பட்ட நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம், மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டியது என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தோடு முடங்கியது. நீரைத் தனியாருக்கு விற்கும் சூழ்ச்சி இதுவென மக்கள் அன்று அஞ்சினர். தேம்ஸ் வாட்டரின் கதையை இன்று அறிந்த எவரும் அந்த அச்சத்தை அடிப்படையற்றதெனக் கூற மாட்டார்கள். ஆயினும் தனியார்மயத்தைத் தடுத்த அதே வேளையில், அரச ஏகபோகத்தைக் கண்காணிக்கும் வாய்ப்பையும் நாம் இழந்துவிட்டோம் என்பது கவலைக்குரியது.

மின்சாரத்துறை இதற்குச் சிறந்த உதாரணமாகும். அங்கு கட்டணத் திருத்தத்துக்கு முன்னர் பகிரங்கக் கருத்துக் கேட்பு நடைபெறுகின்றது. 2025 ஜனவரியில், மின்சார சபை கட்டணத்தை மாற்றாதிருக்க முன்மொழிந்தபோதும் ஆணைக்குழு 20 சதவீதக் குறைப்புக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் 15 சதவீத உயர்வுக்கு அனுமதியளித்ததும் அதே ஆணைக்குழுவே. இம்முடிவுகளை ஏற்போரும் எதிர்ப்போரும் இருக்கலாம். ஆனால் அவற்றுக்கான கணக்குகள் மக்கள் முன் வைக்கப்பட்டன. மின்விளக்குக்குக் கிடைத்த இந்த உரிமை குடிநீருக்கு மாத்திரம் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் 2024 ஓகஸ்டில் தாளையடி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்கும் கொள்ளளவு அதற்குண்டு. இரணைமடுவின் நீரைப் பகிர்வதில் எழுந்த நீண்ட கருத்து வேறுபாட்டின் பின்னர் வந்த திட்டம் என்பதால் அதன் முக்கியத்துவம் பெரிது. ஆனால் இலண்டனின் பெக்ரன் பகுதியில் ஏறத்தாழ 250 மில்லியன் பவுண் செலவில் 2010இல் திறக்கப்பட்ட அத்தகைய நிலையம், 2022ஆம் ஆண்டின் கடும் வரட்சியின்போது இயங்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது. கட்டிடத்தைத் திறந்து வைப்பது முதலீட்டின் தொடக்கமே. அது ஆண்டுதோறும் பராமரிக்கப்பட்டு, வீட்டுக் குழாயில் தினமும் நீர் வந்தால்தான் மக்கள் பயனடைவர்.

மறுபுறம், குழாயே எட்டாத மக்களும் இந்நாட்டில் உள்ளனர். மலையகத் தோட்டங்களில் ஊற்று நீரை நம்பியிருக்கும் லயன் குடும்பங்களும், கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமைந்த கிழக்குக் கரையோரப் பட்டினங்களின் மக்களும், கோடையில் பவுசர் வரும்வரை காத்திருக்கும் வன்னிக் கிராமத்தவரும் சபையின் வளர்ச்சித் திட்டத்தில் எந்த ஆண்டில் இடம்பெறுவர் என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

எனவே நீர்த்துறைக்கென ஒழுங்குபடுத்தும் சட்டமொன்றை, மாகாண சபைகளின் அதிகாரத்துக்கு ஊறு நேராத வகையில், அரசாங்கம் இனியும் தாமதியாது கொண்டுவர வேண்டும். நீர்ச் சபை அரசுடைமையாகவே நீடிக்கும் என்ற உறுதியும் அச்சட்டத்தில் இடம்பெற வேண்டும். எவ்வளவு நீர் வழியில் இழக்கப்படுகின்றது, எத்தனை மணிநேரம் நீர் வழங்கப்படுகின்றது, கடன் எவ்வளவு, அறவிட்ட கட்டணத்தில் எத்தனை ரூபா எந்த மாவட்டத்தின் குழாய்க்குத் திரும்பியது என்பவை ஆண்டுதோறும் மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். தாகத்துக்கு வேறு கடை தேட முடியாத மக்களுக்கு அந்தக் கணக்காவது கிடைக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கையாகும்.