பள்ளி ஆண்டின் விளைச்சல்

நிலத்தில் எத்தனை சால் உழப்பட்டது என்பதைக் கொண்டு அவ்வாண்டின் விளைச்சலை எவரும் மதிப்பிடுவதில்லை. களத்திற்கு வந்து சேர்ந்த தானியத்தை அளந்தே மதிப்பிடுவர். ஆனால் தொடக்கப் பள்ளியின் ஓராண்டு வேலையை மதிப்பிடும்போது மட்டும், எத்தனை பாடங்கள் முடிந்தன, எத்தனை நாட்கள் பள்ளி நடந்தது என்னும் கணக்கே முன் நிற்கிறது. ஜூன் மாதத்தில் செய்ய இயலாதிருந்த எதனைக் குழந்தை மார்ச்சு மாதத்தில் தானாகச் செய்ய வல்லதாயிற்று என்னும் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இம்முறை மாறவேண்டும் என்பதற்கு மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த ஹனூர் வட்டாரம் தக்கதொரு எடுத்துக்காட்டாகும்.

எல்லைப்புறக் குழந்தை

மலை மாதேசுவர மலைக்குச் செல்லும் வழியில் உள்ள ஹனூர், பழைய கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்தது. அத்தாலுகா சென்னை இராச்சியத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, 1956 நவம்பர் 1-ல் மைசூர் இராச்சியத்துடன் இணைக்கப்பட்டது. 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வட்டாரம் புது மாவட்டத்தில் அடங்கியது. கன்னடம் பேசுவோருடன் தமிழ் பேசும் குடும்பங்களும், சோலிகர் என்னும் பழங்குடி மக்களும் இங்கு வாழ்கின்றனர். ஒடெயரபாளையத்தில் 1974-ல் ஏற்பட்ட திபெத்தியர் குடியிருப்பும் உண்டு.

மாநில எல்லைகள் திருத்தப்பட்ட அதே 1956-ல், அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தின் வாயிலாக 350-அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வாயிலாகக் கற்க வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. ஆயினும் காட்டோரச் சிற்றூர்தோறும் தனித்தனி மொழிப் பள்ளிகள் அமைத்தல் எளிதன்று. ஆகவே வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியுமாக ஆண்டைத் தொடங்கும் குழந்தைகள் இருந்தே தீருவர். அவர்களுடைய முதலாண்டு வீணாகாமற் காப்பதே இங்குள்ள பொறுப்பு.

எண்ணூறு மணி நேரம்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஓராண்டில் 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் போதனையும் இருத்தல் வேண்டும். இது தாராளமாகவே தோன்றும். ஆனால் ஓர் உபாத்தியாயரே மூன்று வகுப்புகளை ஏற்று நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால், ஒரு வகுப்புக்கு அவர் நேரடியாக அளிக்கக்கூடியது சுமார் 267 மணி நேரமே. அதிலும் மலைத் திருவிழா நாட்கள் உண்டு. கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக்கு அஞ்சி இரவெல்லாம் காவல் இருக்கும் வீடுகள் உண்டு. வருகைப் பதிவேட்டில் குறிக்கப்பெறும் நாளெல்லாம் கற்ற நாளாகிவிடாது.

இக்குறுகிய நேரத்தில் குழந்தை கற்கவேண்டியதும் சிறிதன்று. கன்னட நெடுங்கணக்கில் 49 எழுத்துகள் உள்ளன. 34 மெய்களும் 13 உயிர்களும் சேர்ந்து 442 உயிர்மெய் வடிவங்கள் ஆகின்றன. ஒத்தக்ஷரம் எனப்படும் அடியெழுத்துக் கூட்டுகள் இவற்றிற்கு மேலும் உள்ளன. கன்னடக் குழந்தைகளின் எழுத்தறிவைப் பற்றி 2007-ல் சோனாலி நாக் வெளியிட்ட ஆராய்ச்சி, இவ்வடிவங்களைக் கற்பது முதல் இரண்டு வகுப்புகளோடு முடிந்துவிடுவதில்லை என்றும், பின்வரும் வகுப்புகளிலும் தொடர்கிறது என்றும் காட்டியது. ஆதலால், ‘எழுத்துகள் அனைத்தும் கற்பிக்கப்பட்டன’ என்று முதலாண்டு இறுதியில் எழுதப்படும் குறிப்பு, கற்பித்தவரின் வேலையைச் சொல்லுமேயன்றிக் குழந்தையின் அறிவைச் சொல்லாது.

நாடு முழுவதும் நிலை இதுவே. கிராமப்புறங்களில் நடைபெறும் ‘அசர்’ கணக்கெடுப்பின்படி, மூன்றாம் வகுப்பில் பயின்றோருள் இரண்டாம் வகுப்புப் பகுதியைப் படிக்க வல்லோர் 2018-ல் 27.3 சதவீதம், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், 2022-ல் 20.5 சதவீதம், 2024-ல் 27.1 சதவீதம். இழந்தது ஏறக்குறைய மீண்டும் கிடைத்துவிட்டது. ஆனால் மீண்டு வந்து சேர்ந்த இடமும் நால்வரில் ஒருவர் என்னும் நிலையே. மூன்றாம் வகுப்பின் இறுதிக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம் குறிக்கோள் வகுத்துள்ளது. பாடப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டு இக்குறிக்கோளை எட்டுதல் அரிது.

மைசூர் காட்டிய வழி

இதற்கு வேண்டிய முறை வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. 1995-ல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டைத் தாலுகாவில் ‘நலி கலி’ முறை தொடங்கப்பட்டது. ‘ஆடிக் கற்றல்’ என்பது அப்பெயரின் பொருள். ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் அனுபவம் அதற்கு வழிகாட்டியது. யூனிசெப் நிறுவனம் உதவி புரிந்தது. பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணி போல் வரிசைப்படுத்தப்பட்டன. பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்து, ஒரு படியில் தேர்ந்த பின்னரே மறு படிக்குச் செல்வர். சில நாட்கள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். 2009-10-ல் இம்முறை மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது.

ஆயினும் ஏணி மட்டும் போதாது. குழந்தை எப்படியில் நிற்கிறது என்று உண்மையாகப் பார்ப்பவர் இல்லையேல், அதுவும் சுவரில் தொங்கும் படமாகிவிடும். ஜூலை, தசரா விடுமுறைக்குப் பின், மார்ச்சு என மும்முறை ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து, சில வரிகளைப் படிக்கவும் இரண்டு கணக்குகளைப் போடவும் செய்து, ஒரே தாளில் குறித்தல் வேண்டும். மேலும் ஒரு பதிவேடா என்று உபாத்தியாயர்கள் வருந்துவது நியாயமே. ஆகவே இத்தாள் வருமானால், பயனற்ற பழைய படிவம் ஒன்றேனும் நீக்கப்படவேண்டும். பார்வையிட வரும் அலுவலரும், ‘எந்தப் பாடம் நடக்கிறது?’ என்று கேட்பதை விடுத்து, பின்தங்கிய ஒரு குழந்தையின் அருகே அமர்ந்து படிக்கச் சொல்லிக் கேட்பாராக. குறை காணப்படின் அது தண்டனைக்குக் காரணமாகாமல், உதவிக்குக் காரணமாகவேண்டும்.

வீட்டு மொழியும் வயலும்

வீட்டு மொழியை வகுப்பில் அனுமதித்தால் கன்னடம் தாமதமாகும் என்பார் உளர். அருகருகே வளர்ந்த மொழிகளுக்கு இவ்வச்சம் தேவையில்லை. பால், பல், பூ, பெண் என்னும் தமிழ்ச் சொற்கள் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹூவு, ஹெண்ணு என வருகின்றன. இந்த ஒரு மாற்றத்தை விளையாட்டாகக் காட்டினாலே, தமிழ் வீட்டுக் குழந்தை ஒரே நாளில் பல கன்னடச் சொற்களைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதலே கற்பித்தலின் பழைய விதி. முதல் சில வாரங்களேனும் பேச்சுக்கும் கதைக்கும் ஒதுக்கப்படுதல் நலம்.

அவ்வாறே விஞ்ஞானப் பாடமும் பருவத்தோடு இணையவேண்டும். மழைக்காலத்தில், பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரக் குவளையும் அளவுகோலும் போதும், மழைமானி தயார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர் என்பதை மேல் வகுப்புக் குழந்தை பள்ளி முற்றத்தை அளந்தே அறியும். விதைப்பில் முளைத்தலையும், அறுவடையில் நிறுத்தலையும் கற்பிக்கலாம். இங்கு விவசாய, வனத் துறைகளின் களப் பணியாளர்கள் உபாத்தியாயருக்குப் பெருந்துணையாக முடியும்.

ஏப்ரலில் பள்ளி மூடி மே இறுதியில் திறக்கும் இடைக்காலத்தில், ஊன்றாத கல்வி உதிர்ந்துவிடும், ஊன்றியது நிற்கும். எழுத்துத் தெரிந்து மூன்றாம் வகுப்பைக் கடக்கும் குழந்தைக்குப் பிற பாடங்களெல்லாம் திறக்கின்றன. தெரியாமற் கடக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு புத்தகமும் மூடியே கிடக்கிறது. அந்த வேறுபாட்டை ஆண்டு முடியும் முன்னரே கண்டறிந்து களைவதே பள்ளியின் முதற்கடமை ஆகும்.