இரு மொழிக்கும் உரிய சுவாமி

சாங்கோபாங்க சுவாமிகளில் பாதியைத் தமிழர் வாசிக்கிறோம். மறுபாதியைச் சிங்களவர் வாசிக்கிறார்கள். இலங்கையின் இரு மொழிகளிலும் இவ்வளவு எழுதிக் குவித்த ஒருவரை முழுதாக வாசிக்க நமக்கு மனம் வரவில்லை.

யாக்கோமே கொன்சால்வெஸ் என்பது அவர் இயற்பெயர். 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். 1705இல் குருவாக இலங்கைக்கு வந்தபோது கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. கண்டி அரசரின் நிழலில் பணிசெய்த யோசப் வாஸ் அடிகளோடு சேர்ந்தார், சிங்களம் பயின்றார். 1742இல் போலவத்தையில் கண்மூடும்வரை வேத சரித்திரம், பிரசங்கம், பாடல், தர்க்கம், அகராதி என்று இரு மொழியிலும் எழுதினார். அச்சுக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. எழுத்தர்கள் படியெடுத்துக் கொடுக்க, நூல்கள் கோயில் கோயிலாகக் கைமாறின.

தவக்காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோர ஊர்களிலும், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றும் ஒலிக்கிறது. வாசிப்பு என்று சொன்னால் போதாது. ஒப்பாரியை ஒட்டிய இராகத்தில், இழுத்து, குரல் தழுதழுக்க ஓதுவார்கள். ஓதுபவர் பண்டிதராக இருக்கவேண்டியதில்லை. தகப்பன் ஓதக் கேட்டு இராகத்தைப் பிடித்துக்கொண்டவராக இருந்தால் போதும். ஒரு நீண்ட வசனத்தை எங்கே மூச்செடுத்து முறிப்பது, எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துவது என்பது அவருக்குப் பாடம். அந்த வசனம் காதுக்கென்றே கட்டப்பட்டது என்பது அங்கே நின்று கேட்டால்தான் விளங்கும். ஈழத்து உரைநடையை ஆறுமுக நாவலரிலிருந்து தொடங்குபவர்கள் ஒரு முறையாவது போய்க் கேட்கவேண்டும்.

அதே பாடுகளைச் சிங்களத்தில் ‘தேசன நவய’ என ஒன்பது பிரசங்கங்களாக எழுதியவரும் அவர்தான்.

திருகோணமலையில் இருந்து இதை எழுதும்போது கோணேசர் கோயிலை மறக்க முடியாது. 1620களில் கத்தோலிக்கரான போர்த்துக்கேயர் அதை இடித்துக் கோட்டை கட்டினார்கள். அந்தக் காயம் இந்த ஊரில் இன்னும் பேசப்படுகிறது. சுவாமிகள் பீரங்கியோடு வந்தவரல்லர், தடையை மீறி வந்தவர். ஆனாலும் பௌத்தத்தையும் ஒல்லாந்தரின் சபையையும் கடுமையாகச் சாடும் நூல்களை அவர் எழுதினார். அவற்றை ஒளித்துவிட்டு இனிமையானதை மட்டும் பதிப்பிப்பது தவறு என்பதே எங்கள் நிலைப்பாடு. காலத்தின் கோபம் ஒரு மனிதரின் மொழிக்குள் எப்படி இறங்குகிறது என்பதையும் வாசகர் பார்க்கவேண்டும்.

பிரிந்து நிற்கும் இரு தரப்பாரும் ஒருவரையே வாசிப்பது எங்கும் நடவாததல்ல. சுவாமிகள் பிறப்பதற்கு முன்பே, கிழக்கு ஐரோப்பாவின் ருத்தேனிய நாட்டில் மெலேத்தியுஸ் ஸ்மொத்ரித்ஸ்கி என்ற குரு வாழ்ந்தார். 1619இல் வழிபாட்டு மொழியான திருச்சபை ஸ்லாவோனியத்துக்கு இலக்கணம் வகுத்தவர். மரபுவழித் திருச்சபைக்காக வாதாடிவிட்டு, பின்னர் ரோமையோடு இணைந்த சபைக்கு மாறியவர். இன்று தமக்குள் பகைத்து நிற்கும் உக்ரேனியரும் ரஷ்யரும் தம் மொழியின் கதையைச் சொல்லும்போது அவரைத் தாண்டிப் போவதில்லை.

நம்மிடையே அப்படி ஒரு பொது வாசிப்பு தொடங்கத் திருகோணமலைத் துறைமுகத்தைவிடத் தோதான இடம் இல்லை. மூதூர்ப் படகுத்துறையிலும் மீன் சந்தையிலும் ஒரே மூச்சில் இரு மொழியையும் பேசி விலை முடிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரண்டு எழுத்தும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வியாகுலப் பிரசங்கத்தையும் தேசன நவயவையும் அருகருகே வைத்து அவர்கள் வாசிக்கட்டும். ஒரே துயரத்தைத் தமிழருக்கு எப்படிச் சொன்னார், சிங்களவருக்கு எப்படிச் சொன்னார், எங்கே நீட்டினார், எங்கே சுருக்கினார் என்று குறித்து எழுதட்டும். அடுத்த இதழிலிருந்து அதற்கென நான்கு பக்கங்களை ஒதுக்குகிறோம். வீட்டில் பழைய பிரசங்கப் புத்தகமோ கையெழுத்துப் படியோ வைத்திருப்பவர்கள் தகவல் தந்தால், நேரில் வந்து, உங்கள் கண்முன்னேயே படியெடுத்துக்கொள்கிறோம்.